பிறருக்கு வந்த கடிதம்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த தபால்காரருக்கு இரண்டு உத்தியோகம். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பது ஒன்று. கொடுத்த கடிதத்தைப் படித்துக் காட்டுவது இன்னொன்று. இரண்டாவது உத்தியோகத்துக்குச் சம்பளம் கிடையாது. ஒரு செம்பு மோர் கிடைக்கும். எழுத்து வாசனை இல்லாத கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். பம்பாயில் இருக்கும் பிள்ளை எழுதியதைத் தாய் அந்த மனிதரின் வாய் வழியாகத்தான் கேட்டாக வேண்டும்.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒருநாள் ஒரு கார்டு வந்தது. தபால்காரர் முதலில் மனசுக்குள் ஒருமுறை படித்துக்கொண்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். நாங்கள் நாலைந்து பையன்கள் பக்கத்தில் கோலி ஆடிக்கொண்டிருந்தோம். "எல்லாரும் சௌக்கியமாம், ஆத்தா. மிச்சத்தைச் சாயங்காலம் வந்து சொல்றேன்" என்று சொல்லி, கார்டை நாலாக மடித்துப் பாட்டியின் கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அது கவர்கூட இல்லை, திறந்த கார்டு. எங்கள் தெருவுக்கு வருவதற்குள் எத்தனை கை மாறிற்றோ, அத்தனை பேரும் படித்திருக்கலாம். ஆனாலும் அவர் மடித்துத்தான் கொடுத்தார்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. ருமேனியா தேசத்து வழக்கு ஒன்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த இரவில், சம்பந்தமே இல்லாதது போல, அந்தக் கார்டு ஞாபகத்துக்கு வந்தது.

புக்கரெஸ்ட் நகரத்தில் ஒரு தனியார் கம்பெனி. அதில் விற்பனைப் பொறுப்பில் ஓர் என்ஜினீயர். வாடிக்கைக்காரர்களின் கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் சொல்வதற்காக யாஹூ மெஸஞ்சரில் ஒரு கணக்கைத் திறந்துகொள்ளும்படி கம்பெனி அவரிடம் சொன்னது. திறந்துகொண்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரையும் டெலிபோனையும் நகல் எடுக்கும் யந்திரத்தையும் சொந்தக் காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. அந்த விதி அவருக்குத் தெரியும், கையெழுத்தும் போட்டிருந்தார். 2007-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கையும் வலம் வந்தது. சொந்தக் காரியத்துக்காக இன்டர்நெட்டையும் டெலிபோனையும் உபயோகித்த ஊழியர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வேலையை மேற்பார்வை செய்வது முதலாளியின் கடமை. தவறு செய்கிறவர்கள் கவனிக்கப்படுவார்கள், தண்டிக்கப்படுவார்கள். இந்தத் தோரணையில் அது இருந்தது. நீங்கள் எழுதுவதை நாங்கள் வரிக்கு வரி படிப்போம் என்று மட்டும் அதில் இல்லை.

அந்த ஜூலை 5-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல், அவர் மெஸஞ்சரில் தட்டத் தட்ட, கம்பெனி பதிவு செய்துகொண்டே இருந்தது. 13-ஆம் தேதி மாலை நாலரை மணிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். மற்றவர்களைக் காட்டிலும் நீ இன்டர்நெட்டை அதிகம் உபயோகித்திருக்கிறாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். விளக்கம் கேட்டார்கள். ஆபீஸ் காரியத்துக்கு மட்டுமே மெஸஞ்சரை உபயோகித்தேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஐம்பது நிமிஷம் கழித்து, ஐந்து இருபதுக்கு, மறுபடி அழைப்பு வந்தது. இந்தத் தடவை மேஜைமேல் நாற்பத்தைந்து பக்கங்கள் இருந்தன. தம்முடைய சகோதரருடனும் கல்யாணத்துக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணுடனும் அவர் பேசிக்கொண்டவை. அவற்றில் சில, இருவருக்குள் மட்டுமே பேசத் தகுந்தவை. சொந்தக் கணக்கிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எழுதிய ஐந்து செய்திகளும் அந்தக் கட்டில் சேர்ந்திருந்தன. ஆகஸ்டு மாதம் அவர் வேலை போயிற்று.

அந்த ஐம்பது நிமிஷத்தை நான் நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் மனம் போய் நிற்கும். நாலரை மணிக்குக் கேள்வி கேட்டவருக்குப் பதில் தெரியும். பக்கத்து அறையிலோ, மேஜை டிராயரிலோ அந்தக் காகிதங்கள் இருந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டே கேட்டார். பதில் சொன்னவர் பொய் சொன்னார், அதில் சந்தேகமில்லை. நான் அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பொய்யை ஒருவன் வாயிலிருந்து வரவழைப்பதற்காகவே கேட்கப்படும் கேள்வியில், கேட்கிறவனுக்கும் ஒரு பங்கு இல்லையா? பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் ஒருவர் இதைச் செய்வார். மாங்காய் திருடியவனைத் தோட்டக்காரன் அடையாளம் காட்டிவிட்ட பிறகு, அவனையே எழுப்பி நிறுத்தி, "யாரடா திருடினது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். மாங்காய்க்கு இரண்டு அடி, பொய்க்கு நாலு அடி. அந்தச் சிரிப்பை எங்களில் ஒருவனும் மறக்கவில்லை.

அந்த என்ஜினீயர் கோர்ட்டுக்குப் போனார். புக்கரெஸ்ட் நீதிமன்றம் 2007 டிசம்பரிலும், மேல் நீதிமன்றம் 2008 ஜூனிலும் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லின. யந்திரம் கம்பெனியுடையது, விதி இருக்கிறது, எச்சரித்தாயிற்று, அவர் மறுத்ததால், மறுப்பு மெய்யா பொய்யா என்று பார்க்கப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது அவர்கள் வாதம். பிறகு அவர் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார். ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் எட்டாவது விதி, ஒருவருடைய தனி வாழ்க்கையும் குடும்பமும் வீடும் கடிதப் போக்குவரத்தும் மதிக்கப்பட வேண்டும் என்கிறது. அந்த விதி மீறப்பட்டது என்றார். 2016 ஜனவரியில் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், மீறப்படவில்லை என்றார்கள். அவர் விடவில்லை. அதே நீதிமன்றத்தின் பதினேழு பேர் கொண்ட பேரமர்வு 2017 செப்டம்பர் 5-ஆம் தேதி, பதினோரு பேர் ஒரு பக்கமும் ஆறு பேர் மறுபக்கமுமாக, மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. பத்து வருஷம்! பர்புலெஸ்கு எதிர் ருமேனியா என்று அந்த வழக்குக்குப் பெயர். தம் அந்தரங்கத்துக்காக வழக்காடியவரின் பெயர் உலகத்துச் சட்டப் புத்தகங்களில் எல்லாம் ஏறிவிட்டது. இதைவிடக் கேலியான முடிவை நான் ஒரு நாவலில் வைத்தால் விமர்சகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

தீர்ப்பை முதலில் கேள்விப்பட்டதும், 'இனிமேல் ஆபீசில் யாரும் எதையும் பார்க்கக் கூடாது போலிருக்கிறது' என்று நினைத்தேன். அப்படி இல்லை. கண்காணிப்பதை அந்த நீதிமன்றம் தடை செய்யவில்லை. கண்காணித்தவர் தண்டிக்கப் போகும்போது, நின்று சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்கிறது. கண்காணிக்கப் போவதாக முன்கூட்டியே தெளிவாகச் சொன்னாயா? எவ்வளவு பார்த்தாய், போக்குவரத்தை மட்டுமா, உள்ளே எழுதியிருந்ததையுமா? எத்தனை நாள்? எத்தனை பேர் பார்த்தார்கள்? அதற்கு நியாயமான காரணம் என்ன? இதைவிடக் குறைவாகத் தலையிட்டு அதே காரியத்தைச் சாதித்திருக்க முடியாதா? பார்த்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தாய்? அந்த மனிதனுக்குப் பாதுகாப்பாக ஏதாவது வழி வைத்திருந்தாயா? ருமேனிய நீதிமன்றங்கள் இவற்றைச் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் பேரமர்வின் குறை. கம்பெனியின் ரகசியம் கசியலாம், யந்திரங்களுக்குக் கேடு வரலாம் என்று காரணம் சொன்னார்கள்; அதெல்லாம் வரக்கூடும் என்ற அளவில்தான். இந்த மனிதர் அப்படி எதுவும் செய்ததாக யாரும் சொல்லவே இல்லை.

அந்தத் தீர்ப்பில் ஒரு கருத்து என்னைப் பிடித்துக்கொண்டது. முதலாளி எத்தனை விதி போட்டாலும், வேலை செய்யும் இடத்தில் ஒரு மனிதனுக்குள்ள சொந்த உறவு வாழ்க்கையைப் பூஜ்யமாக்கிவிட முடியாது என்கிறார்கள். குறைக்கலாம், பூஜ்யமாக்க முடியாது. ஒரு நாளில் நம் கண் விழித்திருக்கும் பொழுதில் பாதிக்கு மேல் ஆபீசில் கழிகிறது. தங்கைக்குப் பிரசவ வலி எடுக்கும்போது நாம் ஆபீசில் இருக்கிறோம். கடன்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதும் ஆபீசில்தான் இருக்கிறோம். வாழ்க்கையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற வித்தை இன்னும் ஒருவருக்கும் கைவரவில்லை.

என் நண்பர் ஒருவர் சிறிய தொழில் ஒன்று நடத்துகிறார். அவரிடம் இதைச் சொன்னேன்.

"ஓய், உமக்கென்ன? கதை எழுதுகிறவர். திருட்டுப் போக உம்மிடம் ஒன்றும் இல்லை" என்றார். "என் ரேட்டை எதிரிக் கம்பெனிக்கு அனுப்புகிறவன் என் மெஷினிலேயே, என் கரண்டிலேயே, என் சம்பளத்திலேயே உட்கார்ந்து அனுப்புகிறான். நான் பார்க்கக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். அவர் ஒருதரம் அப்படி ஏமாந்தவர்; எனக்குத் தெரியும். மெஷின் அவருடையது என்பதையும் நான் மறுக்கவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு வீடு சொந்தம்தான். அதற்காகக் குடியிருப்பவரின் டிரங்குப் பெட்டியைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். "குடித்தனக்காரன் எனக்கு வாடகை கொடுக்கிறான், இவனுக்கு நானல்லவா கொடுக்கிறேன்" என்றார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு சொன்னேன்: "சரி, நீர் பணம் கொடுக்கிறவர். அவனுக்கு வந்த கடிதத்தை எழுதியவளுக்குப் பணம் கொடுத்தீரா?"

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். கடிதத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. புக்கரெஸ்டில் அந்த என்ஜினீயர் கம்பெனி விதியில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பெண் போட்டாளா? அந்தச் சகோதரர் போட்டாரா? அவர்கள் எந்த முதலாளியிடமும் எந்தச் சம்பளமும் வாங்கவில்லை. எந்தச் சுற்றறிக்கையையும் பார்த்தறியார்கள். நாற்பத்தைந்து பக்கங்களில் ஒரு பங்கு அவர்கள் எழுதியது. வேலை நேரத்தில் அரட்டை அடித்ததை நிரூபிக்க, அரட்டை அடித்தார் என்பது போதும். என்ன அரட்டை என்பது வேண்டாம். எத்தனை செய்தி, எத்தனை மணிக்கு, யார் பேருக்கு என்ற கணக்கே அவரைத் தண்டிக்கத் தாராளம். அதற்கு மேல் படித்தது முழுவதும் மிச்சம். சட்டம் அந்த மிச்சத்தைப் பற்றித்தான் கேட்கிறது.

நம்மவர்கள் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினால், ஆச்சரியம், வள்ளுவர் முதலாளி பக்கம் நிற்பதுபோல் தோன்றும். ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஒற்றன் ஆராய வேண்டியவர்களில் அவர் முதலாவதாக நிறுத்துவது வினை செய்வாரை. அதாவது அரசனிடம் உத்தியோகம் பார்ப்பவர்களை. சுற்றத்தாரும் பகைவரும் அதற்கப்புறம்தான்! என் நண்பர் இதைக் கேட்டால் குறளைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டிவிடுவார். ஆனால் அதே அதிகாரத்தில் வள்ளுவர் இன்னொன்றும் சொல்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சோதித்துப் பார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்திருந்தால்தான் தெளிவாக எடுத்துக்கொள். ஆக, மேலே மகுடம் உள்ளவனுக்கும் அவர் கடிவாளம் போட்டுத்தான் அனுப்புகிறார். தவிர, அவர் பேசியது நாட்டைக் காக்கும் வேந்தனைப் பற்றி. வாரத்துக்கு எத்தனை வாடிக்கைக்காரர்களைச் சந்தித்தாய் என்று கணக்குக் கேட்கிற சேல்ஸ் மானேஜரை அவர் மனத்தில் வைத்திருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் எப்போதும் ஊழியர் பக்கம் சாய்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. பிரான்ஸில் 2001-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், சொந்த உபயோகம் கூடாது என்று விதி இருந்தாலும்கூட ஊழியரின் சொந்தக் கடிதங்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் முதலாளி படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே பிரான்ஸின் ரயில்வே ஊழியர் ஒருவர் விஷயத்தில் 2018-இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் ரயில்வே பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஊழியர் இல்லாத சமயத்தில் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருந்தார்கள். ஆபாசப் படங்களும் போலிச் சான்றிதழ்களும் அகப்பட்டன. எவருக்கும் காட்டக்கூடாத அந்தரங்கத்துக்கு இன்ன பெயர் வைக்கவேண்டும் என்று அந்த ஆபீசில் ஒரு முறை இருந்தது. அவர் அந்தப் பெயரை வைக்காமல், 'சொந்தத் தகவல்' என்கிற மாதிரி வேறொன்றை வைத்திருந்தார். சொல் மாறியது, வழக்கும் போயிற்று. ஒரு சொல்லுக்காக ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஜாதிக்கு இது ஒரு ஆறுதல்.

இவ்வளவும் நான் ஏதோ நியாயஸ்தன் மாதிரி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன்.

என் இருபத்து நாலாவது வயதில் சென்னையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். படிப்பைப் பாதியில் விட்டவனாக இருந்தாலும் எனக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும். அந்த ஆபீசில் அதுவே பெரிய பாண்டித்தியம். எங்களோடு ஓர் அம்மாள் வேலை பார்த்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். நாங்கள் சின்னவர்கள் எல்லோரும் அவரை அக்கா என்று கூப்பிடுவோம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எனக்கு ஒரு பங்கு வைக்காமல் சாப்பிடமாட்டார்.

மானேஜர் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, நம்ம ரேட் எல்லாம் வெளியே போகுது. யார் மூலமாப் போகுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். அந்த அம்மாவோட ஈமெயில் எல்லாத்தையும் எடுத்துக் கொடு. யார் கிட்டேயும் மூச்சு விடாதே" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எடுத்தேன். அக்காவின் மெஷினில் பாஸ்வேர்டுகூடக் கிடையாது. எங்களை எல்லாம் நம்பியிருந்தார். மஸ்கட்டில் இருந்த தம்பிக்கு எழுதியவைதான் அதிகம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவோம். பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. எடுத்துக் கொடு என்றுதான் எனக்கு உத்தரவு. படி என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் படித்தேன். ஒன்றுவிடாமல் படித்தேன்.

ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவின் உடம்பைப் பற்றி இருந்தது. வராமல் போன ஒரு சம்பந்தத்தைப் பற்றி இருந்தது. எங்கள் மானேஜர் நடக்கிற தினுசைப் பற்றி, நான் வாய்விட்டுச் சிரித்துவிட்ட நாலு வரி இருந்தது. வேறொரு கம்பெனியில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன் என்றும் ஒரு கடிதத்தில் இருந்தது.

திங்கட்கிழமை கொடுத்தேன். ஒரு வாரத்தில் அக்காவுக்கு வேலை போயிற்று. மெமோ இல்லை, விசாரணை இல்லை. விசுவாசமில்லாதவர் என்று காரணம். தேடப் போனது கிடைக்கவில்லை; கிடைத்ததைக் கொண்டு காரியத்தை முடித்தார்கள். போகிற அன்று அவர் என் மேஜைக்கு வந்து, "நல்லா இரு தம்பி. கதை எழுதறதை விட்டுடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்துக் கொடுத்தவன் நான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இருபது வருஷங்களாக இரண்டு விதமாகவும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஸ்ட்ராஸ்பர்க் நீதிபதிகளின் கேள்விகளை எங்கள் மானேஜரிடம் கேட்டிருந்தால் அவர் ஒன்றுக்குக்கூட நிற்கமாட்டார். அவர் இருக்கட்டும். எனக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைச் சட்டம் கேட்காது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்கிறதே, அந்த எத்தனை பேரில் ஒருவன் நான். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பிரிண்டரை இயக்கியவன். இன்று இந்த வேலைக்கு மனிதன்கூட வேண்டாம். ஊழியர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக்கொள்ளவும், நிமிஷத்துக்கு ஒருதரம் திரையைப் படம் பிடித்து அனுப்பவும் யந்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மனச்சாட்சி உறுத்துவதில்லை. எங்கள் தெருத் தபால்காரரைப்போல் கார்டை மடித்துக் கொடுக்கவும் அவற்றுக்குத் தெரியாது.

நம் தேசத்திலும் சட்டம் இல்லாமல் இல்லை. ருமேனிய வழக்கின் தீர்ப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி, நம் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். மகத்தான தீர்ப்பு. ஆனால் அடிப்படை உரிமை பெரும்பாலும் சர்க்காரைப் பார்த்துக் கேட்பதற்கு. மானேஜரைப் பார்த்துக் கேட்பதற்கு வேறு சட்டம் வேண்டும். 2023-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் முதலாளிக்கென்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். வேலை சம்பந்தமான காரியத்துக்கும், நஷ்டத்திலிருந்தும் ரகசியக் கசிவிலிருந்தும் முதலாளியைக் காப்பதற்கும், ஊழியரின் சம்மதம் கேளாமலே அவர் தகவலைக் கையாளலாம் என்கிறது. ரேட் வெளியே போகிறது என்று எங்கள் மானேஜர் சொன்னது அந்த வாசலில் கச்சிதமாக நுழையும். நுழைந்தவர் உள்ளே எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைப் புக்கரெஸ்ட் வழக்கில் போல ஒருவர் பத்து வருஷம் வழக்காடித்தான் நமக்குத் தெரியவேண்டும் போலிருக்கிறது.

அந்த என்ஜினீயருக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? செலவுக்கு 1,365 யூரோ. மனவேதனைக்குத் தனியாக ஒன்றும் இல்லை. உரிமை மீறப்பட்டது என்று சொன்னதே போதிய பரிகாரம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. வேலை போயிற்று, வருஷங்கள் போயின, வெறும் வார்த்தையா கூலி? அப்புறம் யோசித்தபோது, என்னிடம் அக்கா வந்து நின்றால் நான் என்ன கொடுப்பேன் என்று தோன்றிற்று. என்னிடமும் வார்த்தையைத் தவிர ஒன்றும் இல்லை. அதையும் நான் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டேன் என்றது உபசாரத்துக்காக அல்ல. தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தம் தாயாரைப் பற்றி அக்கா ஒரு வரி எழுதியிருந்தார். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அப்படி ஒரு வரி வராது. நாலு வருஷம் கழித்து எழுதிய ஒரு கதையில், அந்த வரியைச் சொல் மாற்றாமல் ஒரு கிழவியின் மேல் வைத்தேன். அந்தக் கதையைப் பாராட்டி எழுதியவர்களில் பாதிப் பேர் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தில் ஓர் அன்பர் அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேடையில் கைகூப்பி வணங்கினேன். கதை எழுதுகிறவன் நாலு பேர் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான் பிழைக்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. பஸ்ஸில் காதில் விழுவது வேறு. சனிக்கிழமை சாயங்காலம் பிரிண்டரிலிருந்து எடுத்தது வேறு. மானேஜர் அந்தக் கடிதங்களை ஒருதரம் உபயோகித்தார். நான் இரண்டாம் தரம் உபயோகித்தேன்.

அது என்ன வரி என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தத் தொகுதி மறுபதிப்பு வருகிறது. புரூப் போன மாதம் வந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்ததும் அந்தப் பத்தி நொண்டிற்று. வேறு ஏதாவது எழுதி நிமிர்த்தலாம் என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.